கடனாளியின் கையில் மிஞ்ச வேண்டியது என்ன?

நம் ஊர்களில் ஒரு வியாபாரி நொடித்துப் போனால், அந்தச் செய்தி கடையிலிருந்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். “மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்” என்பார்கள். “ஐ.பி. போட்டுவிட்டார்” என்பார்கள். இன்சால்வன்ஸி பெட்டிஷன் என்ற நீதிமன்றச் சொல் இரண்டே எழுத்தாகச் சுருங்கி ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் பட்டம் போல ஒட்டிக் கொள்கிறது. நேற்று வரை அவருக்கு முந்திக் கொண்டு ஸலாம் சொன்னவர்கள், இன்று அவர் சொல்லும் ஸலாமுக்குப் பதில் சொல்லத் தயங்குகின்றார்கள். அவர் உண்மையிலேயே முறிந்தாரா, அல்லது முறிந்தாற் போல நடிக்கின்றாரா என்று விசாரிப்பார் இல்லை. இருவருக்கும் ஒரே பெயர், ஒரே பார்வை.

அன்பிற்குரிய சகோதரர்களே! நாம் இங்கு சிந்திக்க எடுத்துக் கொண்டிருக்கும் கேள்வி இதுதான்: கொடுக்க வேண்டியதைக் கொடுக்க இயலாமற் போன ஒரு மனிதரிடம் எதை விட்டு வைப்பது? அவ்வாறு விட்டு வைப்பது அவருக்குக் காட்டும் தயவா, அல்லது அவருக்குரிய உரிமையா?

இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு நாடும் ஒரு விடையைச் சொல்லி வந்திருக்கின்றது. இங்கிலாந்து நாட்டின் அனுபவத்தை இங்கே எடுத்துக் கொள்வோம். ஏனெனில் அங்கே அண்மைக் காலத்தில் இக்கேள்வி ஒரு வங்கிக் கணக்கின் உருவத்தில் வந்து நின்றது. கடன் தரும் கணக்கன்று அது. சம்பளம் வந்து விழவும், வாடகையும் மின் கட்டணமும் போய்ச் சேரவும் மட்டுமே உதவுகின்ற எளிய அடிப்படைக் கணக்கு. திவாலானவர் என்று நீதியின் ஏட்டில் பதியப்பட்ட ஒருவருக்கு அந்தக் கணக்கைத் திறந்து கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் அதற்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கின்றது.

உடுத்த துணிக்கும் ஒரு மதிப்பீடு

முதலில் சற்றே பின்னோக்கிச் செல்வோம். 1824-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே இருந்த மார்ஷல்ஸீ என்னும் கடன்காரர் சிறையில் ஜான் டிக்கன்ஸ் என்பவர் அடைக்கப்பட்டார். கடற்படையின் சம்பள அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். பிறருடைய சம்பளக் கணக்கை எழுதியவர், தம் குடும்பக் கணக்கை நேர் செய்ய முடியாமல் சிறை புகுந்தார். ஒரு ரொட்டிக்காரருக்கு அவர் தர வேண்டியிருந்தது 40 பவுண்டு 10 ஷில்லிங். அவருடைய மகனுக்கு அப்போது வயது 12. பூட்ஸுக்குப் பூசும் கறுப்பு மை செய்யும் பட்டறை ஒன்றில், மைக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு அச்சிறுவன் அனுப்பப்பட்டான். பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியராகப் புகழ் பெற்ற சார்லஸ் டிக்கன்ஸ்தான் அந்தச் சிறுவன்.

கடனாளி உழைத்தால்தானே கடன் தீரும்? அவரை நான்கு சுவர்களுக்குள் பூட்டி வைத்துவிட்டுக் கடனைக் கொடு என்றால் எங்கிருந்து கொடுப்பார்? இந்த எளிய உண்மை அந்தக் காலத்துச் சட்டத்துக்கு விளங்கவில்லை. எனினும் அதே சட்டத்தில் ஒரு சிறு சாளரமும் இருந்தது. திவாலானவர்கள் விடுதலை கேட்பதற்கான சட்டம் ஒன்றின்படி, விண்ணப்பிக்கும் கடனாளியும் அவருடைய குடும்பத்தாரும் உடுத்தும் துணிமணிகளையும் சொந்த உபயோகப் பொருள்களையும், மொத்தம் 20 பவுண்டு மதிப்புக்கு மேற்படாமல் வைத்துக் கொள்ளலாம். ஆகவே சிறுவன் சார்லஸும் அரசாங்க மதிப்பீட்டாளர் ஒருவர் முன்னே போய் நின்று தான் உடுத்தியிருந்த துணியைக் காட்ட வேண்டியிருந்தது. அவன் சட்டைப் பையில் பாட்டி கொடுத்த பழைய வெள்ளிக் கடிகாரம் ஒன்று இருந்தது. அது கணக்கில் சேர்ந்தால் 20 பவுண்டைத் தாண்டிவிடுமோ என்று வழியெல்லாம் அஞ்சிக் கொண்டே போனானாம். மதிப்பீட்டாளர் நல்ல மனிதர். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போதும் என்று அனுப்பிவிட்டார்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிறைக் கதவை இழுத்துப் பூட்டிய அந்தக் கடுமையான சட்டங்கூட, ஒரு கடனாளியின் உடம்பிலிருந்து சட்டையைக் கழற்றத் துணியவில்லை. கடன் எவ்வளவு பெரிதாயினும், அதற்கும் எட்டாத ஓர் எல்லை உண்டு என்பதை அதுவும் ஒப்புக் கொண்டது. பிற்காலச் சட்டங்கள் செய்ததெல்லாம் அந்த எல்லையைச் சிறிது சிறிதாக அகலப்படுத்தியதே. மார்ஷல்ஸீ சிறை 1842-இல் மூடப்பட்டது. 1869-ஆம் ஆண்டுச் சட்டம், கடனுக்காகச் சிறையில் அடைக்கும் வழக்கத்தைச் சில விதிவிலக்குகள் தவிர ஒழித்தது.

பானையும் பாயும் போல ஒரு கணக்கு

இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ளது 1986-ஆம் ஆண்டின் திவால் சட்டம். ஒருவர் திவாலானவர் என்று ஆணை பிறந்தவுடன் அவருடைய சொத்துகள் அவர் கையை விட்டு நீங்குகின்றன. அஃபிஷியல் ரிசீவர் என்னும் அரசு அதிகாரி பொறுப்பேற்கின்றார். ஆனால் சில பொருள்களை அச்சட்டம் ஒதுக்கி வைக்கின்றது. தொழில் செய்வதற்கு அவசியமான கருவிகள், புத்தகங்கள், வாகனம் ஆகியவை அவரிடமே இருக்கும். அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அன்றாடத் தேவைக்கு வேண்டிய துணிமணி, படுக்கை, தட்டுமுட்டுச் சாமான்கள், உணவுப் பண்டங்கள் ஆகியனவும் அவரிடமே இருக்கும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடனுக்காகப் பிடித்தாலும், குடும்பத்தின் நியாயமான தேவைக்கு வேண்டியதற்குக் கீழே அது இறங்கிவிடக் கூடாது என்பதும் சட்டம்.

இது வரையில் நல்லதே. ஆனால் அதே 1986-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. தொழிலாளிக்குக் கூலியை நாணயமாகவே கையில் கொடுக்க வேண்டும் என்று 1831 முதல் இருந்து வந்த பாதுகாப்பை அது நீக்கியது. அதன் பிறகு கூலி மெல்ல மெல்லக் கையிலிருந்து வங்கிக்கு இடம் பெயர்ந்தது. அரசு தரும் உதவித் தொகையும் வங்கிக்குப் போயிற்று. வாடகை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் கணக்கிலிருந்து மாதந்தோறும் தாமே செல்லும் ஏற்பாடாயின. ஒரு சட்டம் கடனாளியிடம் பாயையும் பானையையும் விட்டு வைத்தது. மற்றொரு சட்டத்துக்குப் பின் வந்த உலகமோ, அந்தப் பானையில் அரிசி வந்து விழும் வழியையே வங்கியின் வாசலுக்குள் கொண்டு போய் வைத்துவிட்டது.

இப்போது திவாலானவரின் நிலையைப் பாருங்கள். ஆணை பிறந்ததும் அஃபிஷியல் ரிசீவர் அவருடைய வங்கிக்குத் தெரிவிக்கின்றார். வங்கி கணக்கை முடக்கிவிடுகின்றது. மனைவியின் பெயரும் சேர்ந்த கூட்டுக் கணக்காக இருந்தால் அதுவும் முடங்கும். அதில் மனைவிக்குரிய பங்கு பிறகு பிரித்துத் தரப்படும். அவசியச் செலவுக்கு வேண்டியதை விடுவிக்குமாறு அதிகாரி வங்கியைக் கேட்கலாம். ஆனால் அந்தக் கணக்கைத் தொடர விடுவதா, மூடிவிடுவதா என்பது வங்கியின் விருப்பம். மூடிவிட்டால் அடுத்த மாதச் சம்பளம் எங்கே வந்து விழும்?

வேறு வங்கிக்குப் போகலாமே என்று கேட்கலாம். வெகு காலம் அங்கும் கதவு சாத்தியே இருந்தது. அதற்கு வங்கிகள் ஒரு காரணம் வைத்திருந்தன. திவால் காலத்தில் கடனாளிக்குப் புதிதாக வந்து சேரும் சொத்தைக் கடன் கொடுத்தவர்களுக்காகக் கோரும் அதிகாரம் பொறுப்பாளருக்கு உண்டு. கணக்கில் விழுந்த பணத்தைக் கடனாளி எடுத்துச் செலவு செய்த பின்னர், ஏன் கொடுத்தாய் என்று பொறுப்பாளர் தம் மீது வழக்குத் தொடுப்பாரோ என வங்கிகள் அஞ்சின. லாபமில்லாத வாடிக்கையாளருக்காக வழக்கை விலை கொடுத்து வாங்குவானேன் என்று ஒதுங்கிக் கொண்டன. திவால் காலம் முடியாதவர்களுக்குக் கணக்குத் திறந்து கொடுத்து வந்த பெரிய வங்கிகள் இரண்டே. 2012-இல் அவற்றிலும் ஒன்று நிறுத்திக் கொண்டது. எஞ்சியது ஒரே ஒரு வங்கி. ஒரு தேசத்தின் திவாலான மக்களனைவரும் ஒரு வாசலையே நம்பி நின்றார்கள்.

பின்னர் நிலைமை மாறியது. 2015-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. பொறுப்பாளரிடமிருந்து முறையான அறிவிப்பு வராத வரை வங்கியைக் குற்றம் சொல்ல இயலாது என்று தெளிவாக்கப்பட்டது. கட்டணமில்லாத அடிப்படைக் கணக்கு பற்றி அரசாங்கமும் பெரிய வங்கிகளும் செய்து கொண்ட உடன்படிக்கை 2016 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பழைய கடன் வரலாற்றைக் காரணம் காட்டி இந்தக் கணக்கை மறுக்கக் கூடாது என்ற கடமை ஒன்பது வங்கிகள் மீது சட்டமாகவே சுமத்தப்பட்டது. மோசடிப் பணத்துக்கு வழிவிடும் அபாயம் போன்ற காரணம் இருந்தாலன்றி அவை மறுக்க இயலாது. இந்தக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் என்னும் மிகைப்பற்று வசதி கிடையாது. இருப்பதற்கு மேல் ஒரு காசும் எடுக்க முடியாது. ஆகவே அதன் வழியே வட்டி ஏறும் பேச்சுக்கும் இடமில்லை. பணம் போதாமல் ஒரு கட்டணம் திரும்பிவிட்டாலும் அதற்குத் தண்டம் இல்லை.

ரொட்டிக்காரரின் வழக்கு

கடனாளியின் கண்ணீரை எழுதுவது எளிது. கடன் கொடுத்தவரின் பக்கத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஜான் டிக்கன்ஸுக்கு ரொட்டி கொடுத்தவருக்கும் குடும்பம் இருந்திருக்கும். மாவு கொடுத்தவருக்கு அவரும் பாக்கி வைத்திருக்கக் கூடும். 40 பவுண்டு என்பது அந்நாளில் சிறு தொகையன்று. அப்படிப்பட்டவர் வந்து நம்மிடம் கேட்கின்றார் என்று வைத்துக் கொள்வோம்: “என் பணத்தை உண்டவனுக்கு வங்கியில் கணக்கும் கையில் கார்டுமா? நான் நம்பி ஏமாந்தேன். மற்றவர்களும் நம்ப வேண்டுமா?”

இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதில் இரண்டு வெவ்வேறு நம்பிக்கைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பிறர் பணத்தை ஒருவரிடம் ஒப்படைப்பதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும். அதைத் திவாலானவர் இழந்துவிட்டார். சட்டமும் அதை மறைக்கவில்லை. அவர் பெயர் எவரும் பார்க்கத்தக்க பதிவேட்டில் ஏறுகின்றது. கடன் வரலாற்றில் ஆறு ஆண்டுகள் அது நிற்கின்றது. தம் நிலையைச் சொல்லாமல் 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் கடன் பெற்றால் அது குற்றமாகின்றது. இவையெல்லாம் நியாயமே.

ஆனால் ஒருவர் தம் உழைப்பின் கூலியைத் தாம் பெற்றுக் கொள்வதற்கு எவருடைய நம்பிக்கையும் தேவையில்லை. அது அவர் வியர்வை. அடிப்படைக் கணக்கில் வங்கி தன் காசு ஒன்றையும் அவரிடம் ஒப்படைப்பதில்லை. அவர்தாம் தம் காசை வங்கியிடம் ஒப்படைக்கின்றார். இங்கே நம்பிக்கை வைப்பவர் கடனாளி. நம்பப்படுவது வங்கி. இதை மறந்து, கடன் பெறத் தகுதியற்றவர் கூலி பெறவும் தகுதியற்றவர் என்று நடத்தினால், ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்றாகும். அதிலும் இரண்டாவது தண்டனையை நீதிமன்றம் விதிக்கவில்லை. வங்கியின் மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர் தம் வசதிக்காக விதிக்கின்றார்.

இன்னுமொன்று. கணக்கு இல்லாத கடனாளியால் ரொட்டிக்காரருக்கு என்ன லாபம்? சம்பளம் வாங்க வழியில்லாதவர் வேலையை இழப்பார். வேலையை இழந்தவரிடமிருந்து ஒரு தவணையும் வராது. ரொக்கமாகக் கையில் வாங்கினாலோ எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எவருக்கும் தெரியாது. வங்கிக் கணக்கு என்பது திறந்து வைத்த ஏடு. வந்த தேதியும் போன தேதியும் அதில் எழுதியிருக்கும். ஒளிக்க நினைப்பவருக்குத்தான் அது சங்கடம். ஆகவே கடன் கொடுத்தவருக்கு உண்மையில் வேண்டியது கடனாளியின் கணக்கு மூடப்படுவதன்று. அது திறந்திருப்பதும், ஒளிவு மறைவின்றி நடப்பதுமே.

மார்க்கம் வகுத்த எல்லை

இந்த இடத்தில் நம் மார்க்கம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். கடனைப் பற்றி இஸ்லாம் மிகவும் கண்டிப்பானது. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கின்றார்கள். கடனோடு இறந்தவரின் ஜனாஸாவுக்கு முன்னின்று தொழத் தயங்கியிருக்கின்றார்கள். பின்னர் வசதி ஏற்பட்டபோது அத்தகையோரின் கடனைத் தாமே ஏற்றுக் கொண்டிருக்கின்றார்கள். கடன் என்பது மறுமை வரை தொடரும் பொறுப்பு என்பதில் ஐயமில்லை.

அதே மார்க்கம், இயலாதவரைப் பற்றிப் பேசும்போது தொனியை மாற்றிக் கொள்கின்றது. கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் தர வேண்டும் என்றும், தள்ளுபடி செய்துவிடுவது அதைவிடச் சிறந்ததென்றும் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 280-ஆம் வசனம் போதிக்கின்றது. ஒரு தோழர் கனி வியாபாரத்தில் நட்டப்பட்டுப் பெருங்கடனாளியானபோது, அவருக்குத் தர்மம் செய்யுமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் மக்களைப் பணித்தார்கள். திரண்ட தொகை கடனுக்குப் போதவில்லை. கிடைத்ததை எடுத்துக் கொள்ளுமாறும், அதற்கு மேல் அவர்களுக்கு இல்லையென்றும் கடன் கொடுத்தோரிடம் சொன்னார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு உள்ளது. முதலில் சமுதாயத்தின் கை நீள்கின்றது. அதன் பிறகே கடன் கொடுத்தவரின் கைக்கு எல்லை வகுக்கப்படுகின்றது. இந்த வரிசை நம் கவனத்துக்கு உரியது.

திவாலானவரை அரபியில் முஃப்லிஸ் என்பர். வெள்ளி நாணயம் போய்ச் செப்புக் காசாகிய ஃபுலூஸ் மட்டுமே மிஞ்சியவர் என்பது அச்சொல்லின் பிறப்பு என மொழியறிஞர் விளக்குவர். அந்தச் செப்புக் காசாவது மிஞ்ச வேண்டும் என்பதே ஃபிக்ஹு நூல்களின் கவலை. முஃப்லிஸின் சொத்துகளைக் காஜி முடக்கி, விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடலாம் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்), இமாம் மாலிக் (ரஹ்), இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோரின் வழி. ஆயினும் பங்கீடு முடியும் வரை அவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் உணவு அந்தச் சொத்திலிருந்தே தரப்பட வேண்டும். அவருக்குத் தக்க உடையை விட்டு வைக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டையும் தொழிற் கருவியையும் விட்டு வைக்க வேண்டும் என்று ஹம்பலி மத்ஹபினர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, புத்தி சுவாதீனமுள்ள ஒரு சுதந்திர மனிதரைக் கடனுக்காக முடக்கி வைப்பதையே ஏற்கவில்லை. கொடுக்கல் வாங்கல் செய்யும் தகுதியைப் பறிப்பது ஒரு மனிதரின் மனிதத் தன்மையையே அழிப்பதாகும். கடன் கொடுத்தவரின் தனிப்பட்ட நட்டத்தைத் தடுப்பதற்காக அவ்வளவு பெரிய கேட்டைச் செய்யலாகாது என்பது அவர்களுடைய வாதம். அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் இதில் ஆசிரியரிடமிருந்து வேறுபட்டு, முடக்கலாம் என்றார்கள். முடிவில் வேற்றுமை இருப்பினும், பேரிமாமின் அந்தக் கவலை நம் காலத்துக்கு மிகவும் பொருந்துகின்றது. வங்கியின்றிக் கொடுக்கவும் வாங்கவும் முடியாததாகிவிட்ட ஒரு நாட்டில் ஒருவருக்குக் கணக்கே இல்லை என்றாக்குவது, அவரைக் கொடுக்கல் வாங்கல் உலகத்திலிருந்தே துடைத்தெறிவதாகும்.

ஆகவே நாம் கேட்ட கேள்விக்கு விடை இவ்வாறு அமைகின்றது. கடனாளியிடம் விட்டு வைக்க வேண்டியதைப் பொருளின் பெயரால் பட்டியலிட்டால், காலம் மாறும்போது பட்டியல் பழையதாகிவிடும். உடை, உணவு, கருவி என்று முன்னோர் எண்ணியவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரே நோக்கம் இருந்தது: அவர் நாளைக் காலை எழுந்து வேலைக்குப் போகக் கூடியவராக இருக்க வேண்டும். அன்று அதற்குத் தச்சரின் உளி தேவைப்பட்டது. இன்று இங்கிலாந்தில் அதற்கு உளியோடு ஒரு கணக்கு எண்ணும் தேவைப்படுகின்றது. அது தயவன்று, உரிமை.

கணக்கைக் காப்பது எப்படி?

உரிமை என்றதும் கடமை பின்னால் வருகின்றது. கணக்கைப் பெறுவது ஒரு பாதி. அதைக் காத்துக் கொள்வது மறு பாதி. அதற்கு வேண்டிய முதற் சரக்கு உண்மை.

புதுக் கணக்குத் திறக்கும்போது தம் நிலையை வங்கியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் அறிவுரை. கடன் பாக்கியுள்ள வங்கியில் சம்பளம் வந்து விழுந்தால், அது தன் பாக்கிக்காக அதை எடுத்துக் கொள்ளக் கூடும். ஆகவே பாக்கியில்லாத வேறொரு வங்கியில் கணக்கை வைத்துக் கொள்வது விவேகம், இதில் பழியில்லை. திவால் காலத்தில் வாரிசுச் சொத்தோ வேறு சொத்தோ வந்து சேர்ந்தால் 21 நாட்களுக்குள் பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். வருமானம் கூடினாலும் சொல்ல வேண்டும். கூலி வந்து சேர ஒரு கணக்கைத் திறப்பது வேறு. கையிலுள்ளதை ஒளிக்க ஒரு கணக்கைத் திறப்பது வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றலாம். உள்ளத்தை அறிந்தவனுக்கு அப்படித் தோன்றாது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சுட்டிக் காட்டியே தீர வேண்டும். கணக்கு முடங்கியவர்கள் தம் சம்பளத்தை மனைவியின் கணக்கிலோ, தம்பியின் கணக்கிலோ, நண்பரின் கணக்கிலோ போடச் சொல்வதுண்டு. வேறு வழியே இல்லாத காலத்தில் சிலர் இவ்வாறு செய்தது புரிந்து கொள்ளக் கூடியதே. ஆனால் அது ஒரு வழுக்குப் பாறை. இன்று சம்பளம் போகும். நாளை விற்ற சரக்கின் பணம் போகும். மறுநாள் எது யாருடையது என்று இருவருக்குமே தெரியாமற் போகும். கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது பிறர் பெயரில் ஒளிகின்றது. இரவல் பெயர் கொடுத்தவரும் அந்தப் பாவத்தில் பங்காளியாகின்றார். எத்தனை குடும்பங்கள் இப்படிப்பட்ட உதவியால் பிளந்திருக்கின்றன! தம் பெயரிலேயே ஒரு கணக்குத் திறக்க வழி ஏற்பட்ட பிறகு, பிறர் பெயருக்குப் பின்னால் நிற்பதற்குச் சாக்கு இல்லை.

பொய்யருக்கும் நொடித்தவருக்கும் உள்ள வேற்றுமையை அந்நாட்டுச் சட்டமும் மறக்கவில்லை. குற்றமான நடத்தை உடையவர் மீது 2 முதல் 15 ஆண்டுகள் வரை கட்டுப்பாடுகளை நீட்டிக்கலாம். நேர்மையாக ஒத்துழைத்தவர் பொதுவாக ஓராண்டில் விடுவிக்கப்படுகின்றார்.

ஓராண்டுக்குப் பின்

இந்த ஓராண்டு விடுதலையில்தான் ஒரு முஸ்லிமின் மனச்சாட்சிக்கு மெய்யான சோதனை தொடங்குகின்றது. 2004 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள இவ்விதியின்படி, விடுதலையான பின் பழைய கடன்களில் பெரும்பாலானவற்றுக்காக அவரை எவரும் கேட்க முடியாது. சம்பளத்திலிருந்து பிடிக்கும் தவணை ஏதேனும் இருந்தால் அது மூன்று ஆண்டுகள் வரை தொடரலாம். அதுவும் முடிந்தால் சட்டத்தின் ஏட்டில் அவர் பெயர் தூய்மை.

ஷரீஅத்தின் ஏட்டில்? கனி வியாபாரியின் நிகழ்ச்சியில், அதற்கு மேல் இல்லை என்றது இப்போதைக்கு இல்லை என்பதையே குறிக்கும் என்று அறிஞர் பெருமக்களில் பெரும்பாலோர் விளக்குவர். சொத்தைப் பங்கிட்டது போக எஞ்சிய கடன், வசதி வரும் நாள் வரை கழுத்தில் நிற்கும். கொடுத்தவர் மனமுவந்து விட்டுக் கொடுத்தாலன்றி அது நீங்காது. அந்நாட்டுச் சட்டம் கடன் கொடுத்தவரின் கையைத் தடுத்து நிறுத்துகின்றது. ஆனால் கடனாளி பிற்காலத்தில் தாமாக முன்வந்து ரொட்டிக்காரரின் கதவைத் தட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வட்டியாக ஏறியது எவ்வளவு, உண்மையில் வாங்கியது எவ்வளவு, எதை எப்படித் தீர்ப்பது என்பன போன்ற நுட்பங்களை ஆலிம்களிடம் தம் கணக்கைக் காட்டிக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

இப்போது அந்த எளிய கணக்கை மீண்டும் பாருங்கள். அதன் பொருள் இன்னும் விரிகின்றது. மாதந்தோறும் சிறு தொகை மிச்சம் பிடித்து, நீதிமன்றம் மறந்துவிட்ட ஒரு கடனை மறக்காமல் தீர்க்கப் போகின்றவருக்கும் அந்தக் கணக்குத்தான் வழி. அதை மறுத்திருந்தால், திருந்தி வரும் பாதையையே மறுத்ததாக ஆகியிருக்கும்.

நம் பங்கு

சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். சமுதாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர்களையும் திருக்குர்ஆன் எண்ணியிருக்கின்றது. நம் ஜகாத் பட்டியலில் ஏழையும் விதவையும் இருக்கின்றார்கள். நொடித்துப் போன வியாபாரி அதில் இருக்கின்றாரா? பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் கேட்க வெட்கப்படுகின்றார். நாம் கொடுக்க யோசிக்கின்றோம். ஜமாஅத்தில் விவரமறிந்த ஒருவர், அவரோடு உட்கார்ந்து கடன்களை வரிசையாக எழுதி, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்த வங்கியில் கேட்க வேண்டும் என்று கூடவே நடந்து சென்றால் அதுவும் பெரும் உதவியே. ஒரு தேசத்தின் சட்டம் திவாலானவருக்கும் ஒரு வாசலைத் திறந்து வைக்கும்போது, பள்ளிவாசலின் முன்வரிசையில் தோளோடு தோள் நிற்கும் நாம் அவருக்கு முகத்தைத் திருப்பிக் கொள்வது தகுமா?

உண்மையான முஃப்லிஸ் யார் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை தோழர்களிடம் வினவினார்கள். காசும் பொருளும் இல்லாதவரைத் தோழர்கள் குறிப்பிட்டார்கள். அண்ணலார் காட்டியது வேறொருவரை. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் சுமந்து மறுமையில் வந்து நிற்பார்; ஆனால் ஒருவரை ஏசியிருப்பார், ஒருவர் மீது பழி சுமத்தியிருப்பார், ஒருவர் பொருளை உண்டிருப்பார். அவருடைய நன்மைகள் ஒவ்வொன்றாகப் பிறருக்குப் பங்கிடப்பட்டு, முடிவில் அவர் கை வெறுமையாகும். கடனைத் தீர்க்க மனமில்லாமல் ஏய்ப்பவருக்கு இதில் எச்சரிக்கை இருக்கின்றது. தீர்க்க இயலாமல் தவிப்பவரை ஏசிப் பழிப்பவருக்கும் இதே எச்சரிக்கைதான். அந்த நாளின் பங்கீட்டில், உடுத்த துணியைப் பார்த்துவிட்டுப் போதும் என்று அனுப்பிவிடும் மதிப்பீட்டாளர் எவரும் இருக்கமாட்டார்.

கடன் சுமையிலிருந்தும், கடன்பட்டவரை இழிவாய் நோக்கும் கல் நெஞ்சிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.